பலாலியின் செம்மண்ணும் ஆகாய மார்க்கமும்

யாழ்ப்பாணத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் நடுவே வரைபடத்தின்மேல் நேர்கோடு ஒன்று இழுத்துப் பார்த்தால், அதன் நீளம் 200 கிலோமீட்டரைக்கூட எட்டாது. சென்னைக்கு இழுத்தாலும் ஏறத்தாழ 360 கிலோமீட்டர்தான் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சாலை வழியே போவதோ சுமார் 400 கிலோமீட்டர்ப் பிரயாணம். அப்படியிருந்தும், திருச்சியிலோ சென்னையிலோ வைத்தியம் பார்க்க வேண்டிய ஒரு நோயாளி, அல்லது மகளின் கல்யாணத்துக்குப் பட்டு வாங்கப் புறப்பட்ட ஒரு தாய், முதலில் ஓர் இரவு முழுவதும் தெற்கு நோக்கிப் பயணம் செய்து, கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, தாம் விட்டு வந்த திசைக்கே திரும்பிப் பறந்து போக வேண்டிய நிலைமை மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக நீடித்தது. இத்தனைக்கும் யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், தார் போட்ட நல்ல ஓடுபாதை ஒன்று இருந்துகொண்டேதான் இருந்தது. அந்தப் பாதை பலாலியில் இருக்கிறது. அது எப்படிப் பிறந்தது, யாருக்குப் பயன்பட்டது, யாரிடமிருந்து பறிபோனது, இன்று எந்த அளவுக்குத் திரும்பியிருக்கிறது என்பதையெல்லாம் அறிந்துகொள்வது, ஒரு விமான நிலையத்தின் சரித்திரத்தை மட்டுமன்றி ஒரு ஜன சமூகத்தின் சரித்திரத்தையும் அறிந்துகொள்வதாகும்.

பலாலியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர் முதலில் அதன் மண்ணைப் பற்றிப் பேச வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், வலிகாமம் வடக்கு என்று வழங்கும் இப்பிரதேசம், சுண்ணக்கற் பாறையின் மேல் படிந்த செம்மண்ணால் ஆனது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மாரி மழை அந்த மண்ணில் தேங்கி நிற்பதில்லை; பாறையின் வெடிப்புகள் வழியாகக் கீழே இறங்கி, அடியிலுள்ள உவர் நீரின் மேல் நன்னீராய் மிதந்து நின்று, கிணறுகளின் மூலமாக மறுபடியும் மனிதனுக்குக் கிடைக்கிறது. அந்தக் கிணற்று நீரை ஒரு காலத்தில் துலா மிதித்தும் பிற்காலத்தில் இயந்திரம் வைத்தும் இறைத்து, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் மரக்கறியும் விளைவித்த கமக்காரர்கள், தங்கள் உழைப்பினால் இலங்கை முழுவதிலும் பெயர் பெற்றவர்கள். வசாவிளான், குரும்பசிட்டி, கட்டுவன், மயிலிட்டி முதலிய ஊர்களில் ஒரு பரப்புக் காணியைக் கூடத் தரிசாகப் போடுவதை அவமானமாகக் கருதிய பரம்பரை அது.

இனி, ஆகாய விமானத்தை இறக்க விரும்புகிறவனுக்கு வேண்டிய நிலம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். குன்றோ மேடோ இல்லாத சமதரையாக அது இருக்க வேண்டும். மழை நீர் தேங்காமல் வடிய வேண்டும். மேல் மண்ணை நீக்கினால் சீக்கிரத்திலேயே கெட்டியான அடித்தளம் தட்டுப்பட வேண்டும். பாதை அமைக்கக் கல்லும் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். இந்த இலட்சணங்கள் அத்தனையும் பொருந்திய நிலம், கமக்காரன் தன் உயிராக மதித்த அதே செம்மண் நிலந்தான். இரண்டு தேவைகள் ஒரே மண்ணில் வந்து சந்தித்த இந்தச் சங்கதியே, பலாலியில் பிற்பாடு நடந்த நன்மை தீமைகள் அனைத்துக்கும் மூலகாரணம் என்று நான் கருதுகிறேன்.

ஓடுபாதை பிறந்தது யுத்தத்தினால். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து, ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பின் மீதும் 9-ஆம் தேதி திருகோணமலையின் மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த பிறகு, இந்து மகா சமுத்திரத்தின் காவலுக்கு இலங்கையைவிட முக்கியமான இடம் பிரிட்டிஷாருக்கு வேறில்லாமற் போயிற்று. தீவின் பல பாகங்களிலும் அவசர அவசரமாக விமானத் தளங்கள் எழுந்தன. அவற்றுள் வடகோடியில் அமைந்தது இது. அருகிலிருந்த துறைமுகத்தின் பெயரால் காங்கேசன்துறைத் தளம் என்றே பிரிட்டிஷ் விமானப் படையினர் இதை அழைத்தார்கள். லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் விமானங்கள், கடலின்மேல் நெடுந்தூரம் ரோந்து சுற்றிவிட்டு, பனந்தோப்புகளுக்கு மேலாகத் தாழ்ந்து வந்து இங்கே இறங்கின. பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த கமக்காரன் அண்ணாந்து பார்த்த முதல் ஆகாய விமானம் யுத்த விமானம் என்பது விசனத்துக்குரிய விஷயமே. ஆனால் அந்த யுத்தம் முடிந்தபோது, கனமான விமானங்களையும் தாங்கவல்ல பாதை ஒன்று யாழ்ப்பாணத்துக்கு மிச்சமாக நின்றது.

அந்தப் பாதையைச் சமாதான காலத்துக்கு உரியதாக்கியவர்கள் அதிக காலதாமதம் செய்யவில்லை. இலங்கை சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதங்கள்கூட இல்லாத தருணத்தில், 1947 டிசம்பர் 10-ஆம் தேதியன்று, ஏர் சிலோன் ஸ்தாபனத்தின் டகோட்டா விமானம் ஒன்று கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை என்னும் பெயர் தாங்கிய இத்தளத்தில் இறங்கி, மறுபடியும் எழுந்து சென்னையை அடைந்தது. இலங்கையின் தேசிய விமான சேவை தொடங்கியதே இந்த மார்க்கத்தில்தான். அப்போது போக்குவரத்து மந்திரியாக இருந்தவர் ஸர் ஜான் கொத்தலாவல. சேவையின் மூன்று டகோட்டாக்களுக்கும் சீதா தேவி, விஹாரமகா தேவி, சுனேத்ரா தேவி என்று நாமகரணம் செய்திருந்தார்கள். ஒரு தேசம் தன் சொந்தச் சிறகுகளை விரித்த முதல் நாளில், அதன் முதல் இடைத்தங்கல் யாழ்ப்பாணத்து மண்ணில் அமைந்தது என்பதை, இத்தனை வருஷங்களுக்குப் பின்னும் மகிழ்ச்சியோடு நினைக்கலாம்.

ஓடுபாதையின் திசையை இங்கே கவனிக்க வேண்டும். அதன் இரு முனைகளிலும் 05 என்றும் 23 என்றும் எண்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. அதாவது, ஒரு முனையிலிருந்து பார்த்தால் திசைகாட்டியில் சுமார் 50 பாகையும் மறு முனையிலிருந்து பார்த்தால் சுமார் 230 பாகையும் காட்டும்படி, வடகிழக்குக்கும் தென்மேற்குக்குமாக அது நீண்டு கிடக்கிறது. விமானம் எழும்பும்போதும் இறங்கும்போதும் எதிர்காற்றை நாடுவது. பக்கக் காற்றுக்கு அஞ்சுவது. அதிலும் வாற்சக்கரத்தில் சாய்ந்து நிற்கும் டகோட்டாவைப் போன்ற பழைய விமானங்களைத் தரையில் பக்கக் காற்று படுத்துகிற பாடு சாமானியமன்று. குடாநாட்டிலோ ஆண்டின் பெரும்பகுதியைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்பவை இரண்டே காற்றுகள்: நடு வருஷத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம், மாரியில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடை. மயிலிட்டி மீனவர் எந்தக் காற்றுகளை நம்பிப் பாய் விரித்தார்களோ, அந்தக் காற்றுகளின் வழியிலேயே பாதையும் போடப்பட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த மூன்று தசாப்தங்களைப் பலாலியின் நற்காலம் என்று சொல்லலாம். 1956-இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கிக் கொழும்பை நெருக்கமாக்கியது போல, விமானம் தமிழகத்தை நெருக்கமாக்கிற்று. சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள் பலாலியிலேயே சுங்கப் பரிசோதனையை முடித்துக்கொண்டு ஏறினார்கள். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியையே அழித்து, இரு நாடுகளையும் ரயிலும் கப்பலுமாக இணைத்து வந்த பழைய போட் மெயில் மார்க்கத்தைக் குலைத்த பின்னர், கப்பல் சேவை ராமேசுவரத்திலிருந்து தொடர்ந்ததாயினும், அவசர காரியம் உள்ளவருக்கு ஆகாய மார்க்கத்தின் அருமை முன்னிலும் நன்கு விளங்கியது. டகோட்டாக்களுக்குப் பின் ஆவ்ரோ விமானங்கள் வந்தன. சிற்றூர் ஒன்றின் ஓரத்தில், தோட்டங்களுக்கு நடுவே, மாளிகை போன்ற கட்டடமோ ஆடம்பரமோ ஏதுமின்றி இயங்கிய அந்த நிலையம், தன் காரியத்தைச் சரியாகவே செய்து வந்தது.

1979-இல் ஏர் சிலோன் மறைந்தது. அதன் இடத்தில் ஏர் லங்கா தோன்றியது. 1983-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அதன் பிறகு பலாலி, பிரயாணிகளின் நிலையம் என்ற தன்மையை இழந்து, ராணுவத்தின் பிரதான அரண் ஆயிற்று. 1987 ஜூலையில் இந்திய – இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தான மறுநாளே இந்தியப் படையினர் வந்து இறங்கியது இந்த ஓடுபாதையில்தான். அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தை நோக்கிப் படை ஏற்றிச் சென்ற ஹெலிகாப்டர்கள் கிளம்பியதும், 1995-இல் இலங்கை ராணுவம் குடாநாட்டைக் கைப்பற்றப் புறப்பட்டதும் இங்கிருந்துதான். யுத்தங்களின் விவரங்களை விஸ்தரிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் 1990 ஜூன் மாதத்தைச் சொல்லாமல் கடந்து போக என் மனம் ஒப்பவில்லை.

அந்த மாதத்தில் மறுபடியும் போர் வெடித்தபோது, தளத்தைச் சூழ்ந்திருந்த ஊர்களின் ஜனங்கள், உடுத்த துணியோடும் கைக்கு அகப்பட்ட சாமான்களோடும் வெளியேறினார்கள். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு, மாட்டை அவிழ்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில், ஆயிரக்கணக்கான ஏக்கர் செம்மண் நிலத்தை முட்கம்பி வேலி சுற்றி வளைத்தது. வீடும் கிணறும் கோயிலும் பள்ளிக்கூடமும் அதற்குள் அகப்பட்டன. ஆசிரியர்களைப் பரம்பரையாக உருவாக்கித் தந்த பலாலி ஆசிரிய கலாசாலையும் தன் இடத்தை விட்டுப் பெயர்ந்து அலைந்தது. மல்லாகம், சுன்னாகம் முதலிய ஊர்களின் நலன்புரி முகாம்களில், கிடுகுக் கொட்டில்களில், ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணம் முடித்துக் குழந்தைகளையும் பெற்றது. தங்கள் பூர்வீக ஊரை அந்தக் குழந்தைகள் அறிந்தது பாட்டன் பாட்டிமார் சொன்ன கதையால் மட்டுமே. உணவை விளைவித்துப் பிறருக்குக் கொடுத்தவர்கள் நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்க நேர்ந்ததைவிடக் கொடிய தண்டனை ஒரு கமக்காரனுக்கு வேறு என்ன இருக்க முடியும்?

யுத்தத்தின் நடுவே, தரை மார்க்கம் மூடப்பட்டுக் கிடந்த காலங்களில், குடாநாட்டு மக்கள் சிலர் உயிரைப் பணயம் வைத்து இதே ஓடுபாதையிலிருந்து தனியார் விமானங்களில் இரத்மலானைக்குப் பறந்தார்கள். 1998 செப்டம்பர் 29-ஆம் தேதி, பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் நிறுவனத்தின் அன்டனோவ் விமானம் மன்னார்க் கரைக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. விடுதலைப் புலிகள் ஏவிய ஏவுகணையே அதை வீழ்த்திற்று. அதில் இருந்த 55 பேரும் மாண்டார்கள். சுக துக்கங்களுக்காகக் கொழும்புக்குப் புறப்பட்ட சாதாரண மனிதர்கள் அவர்கள். யாழ்ப்பாணத்துக்கு வேறு வழி திறந்திருந்திருக்குமானால், அன்று அந்த விமானத்தில் அவர்களில் அநேகர் ஏறியே இருக்க மாட்டார்கள். மார்க்கம் என்பது மனிதனுக்கு எத்தகைய அத்தியாவசியம் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

2009-இல் யுத்தம் முடிந்தது. அதன் பின்னரும் பத்து ஆண்டுகள் கழித்துத்தான், 2019 ஜூலையில் வேலை தொடங்கி, மூன்று மாதங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், 200 கோடி இலங்கை ரூபாய்க்கு மேற்பட்ட செலவிலும் இந்தியாவின் உதவியோடும், பலாலி புதுப்பிக்கப்பட்டது. அக்டோபர் 17-ஆம் தேதியன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் கலந்துகொண்ட வைபவத்தில், யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் அது திறந்து வைக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடம் பெற்றிருந்ததைக் குறித்துத் தெற்கில் சிலர் ஆட்சேபம் எழுப்பினார்கள். அந்தப் பிரதேசத்தின் பாஷை அந்தப் பிரதேசத்தின் வாசலில் முதலில் நிற்பதைவிட இயல்பான காரியம் வேறில்லை என்பதே என் அபிப்பிராயம். நவம்பர் 11-ஆம் தேதி முதல் இந்தியாவின் அலையன்ஸ் ஏர் நிறுவனம் சென்னையிலிருந்து பிரயாணிகள் சேவையை ஆரம்பித்தது.

சென்னை, கொழும்பு போன்ற பெரிய நிலையங்களில் பழகியவருக்கு இந்த நிலையம் மிகச் சிறியதாகத் தோன்றும். ஒரே தளமுள்ள கட்டடம். அதற்குள்ளேயே குடிவரவு அதிகாரிகளின் மேஜை, சுங்கம், பயணப் பொதிகளைச் சோதிக்கும் இயந்திரம், காத்திருக்கும் கூடம். கட்டடத்திலிருந்து நேராக விமானத்துக்குள் நுழைவிக்கும் நடைக்கூண்டு கிடையாது; அது வேண்டியதும் இல்லை. இங்கே வருகிற ஏ.டி.ஆர். 72 விமானத்தின் பின்புறக் கதவிலேயே படிக்கட்டு அமைந்திருப்பதால், பிரயாணிகள் தரையில் நடந்து போய்த் தாமே ஏறிக்கொள்கிறார்கள். ஆனால் கட்டடம் சிறியது என்பதற்காகப் பாதுகாப்பு விதிகள் சிறியவையாகிவிடுவதில்லை. தீயணைப்பு வண்டிகளும் நீரும் நுரையும் எவ்வளவு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை, வந்திறங்கும் விமானத்தின் நீளத்தையும் அகலத்தையும் கொண்டு சர்வதேச விதிகள் வகுக்கின்றன. சுமார் 27 மீட்டர் நீளமுள்ள ஏ.டி.ஆர். 72 ஐந்தாம் வகுப்பைச் சேரும். 37 மீட்டருக்கு மேற்பட்ட ஏர்பஸ் ஏ320 வரவேண்டுமானால் நிலையம் ஆறாம் வகுப்புக்கு உயர வேண்டும். ஓடுபாதையின் பழைய நீளம் 2 கிலோமீட்டருக்கு மேல் இருந்தபோதிலும், பெரிய விமானங்களை வரவழைப்பதற்குப் பாதையை மட்டும் பார்த்தால் போதாது. தீயணைப்பு, விமானம் நிறுத்துமிடம், கூடத்தின் கொள்ளளவு எல்லாம் கூடவே வளர வேண்டும்.

அவ்வளவு பெரிய விமானம் இந்த மார்க்கத்துக்கு அவசியந்தானா என்று கேட்கலாம். ஜெட் விமானம் உயரே, மிக உயரே, காற்றின் அடர்த்தி குறைந்த இடத்தில் நெடுநேரம் பறக்கும்போதுதான் தன் எரிபொருளை லாபகரமாகச் செலவிடுகிறது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே அது உச்சியை எட்டியதும் இறங்கத் தொடங்கிவிட வேண்டியதுதான். சுழல்விசிறி பூட்டிய ஏ.டி.ஆரோ, தாழ்வான உயரத்தில், மிதமான வேகத்தில், குறைந்த எரிபொருளில், 70-க்கு மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் வந்து சேருகிறது. குறுகிய பாதையிலும் பயமின்றி இறங்குகிறது. 1947-இல் டகோட்டா எந்தக் காரணத்தால் இந்த வழிக்குப் பொருத்தமாக இருந்ததோ, அந்தக் காரணத்தாலேயே இன்று இது பொருத்தமாயிருக்கிறது. ஆகையால், பெரிய விமானம் வந்தால்தான் கௌரவம் என்ற எண்ணத்தைவிட, சிறிய விமானம் தவறாமல், தினந்தோறும், சொன்ன நேரத்தில் வருவதே மேலானது என்று நினைக்கிறேன்.

அந்தத் தவறாமைதான் எளிதில் கிட்டவில்லை. தொடங்கி நாலு மாதங்களே ஆன சேவை, கொரோனா நோயின் காரணமாக 2020 மார்ச்சில் நின்றது. நோய் தணிந்த பிறகு இலங்கையின் பொருளாதாரமே ஸ்தம்பித்தது. 2022 டிசம்பர் 12-ஆம் தேதிதான் சென்னை விமானம் மறுபடியும் பலாலியில் இறங்கிற்று. 2024 செப்டம்பர் முதல் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து தினசரி சேவையைத் தொடங்கியது. 2025 மார்ச் மாதக் கடைசியில் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் அதன் விமானம் வரலாயிற்று. இதற்கிடையே, 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிகள் கப்பலும் ஓடத் தொடங்கியிருந்தது. பழைய மார்க்கங்கள் ஒவ்வொன்றாக உயிர் பெறுவதைக் காணும்போது உள்ளம் பூரிக்கிறது. இனி வேண்டியது, ஆட்களுக்கு மட்டுமன்றிச் சரக்குக்கும் வழி செய்வது. குடாநாட்டின் நண்டும், இறாலும், கறுத்தக்கொழும்பான் மாம்பழமும், பனம்பொருள்களும் பழுதுபடாமல் வைத்து அனுப்பத்தக்க குளிர்சாதன அறை ஒன்று அங்கே அமையுமானால், ஆகாய மார்க்கத்தின் பலன் விமானத்தில் என்றுமே ஏறாத மீனவனுக்கும் கமக்காரனுக்கும்கூடக் கிட்டும்.

நிலத்தின் விஷயமோ இன்னும் தீர்ந்தபாடில்லை. யுத்தத்துக்குப் பின் வலயத்தின் பகுதிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. 2017-இல் மயிலிட்டித் துறைமுகம் மீனவரிடம் திரும்பியது. 2025 ஏப்ரலில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மூடிக் கிடந்த பலாலி வீதியின் பகுதியும், பகற்பொழுதில் மட்டும், நடுவழியில் நிற்காமல் போகவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில், வாகனங்களுக்குத் திறந்து விடப்பட்டது. ஆயினும் வேலிக்குள் இன்னமும் தோட்டக் காணிகள் கிடக்கின்றன. விமான நிலையம் விரிய வேண்டும் என்பவர்களும், காணி திரும்ப வேண்டும் என்பவர்களும் ஒருவருக்கொருவர் விரோதிகள் என்பது போன்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அது சரியன்று. நிலையத்துக்கு மெய்யாகவே வேண்டிய நிலம் எவ்வளவு என்பதை ஓடுபாதையின் நீளத்தையும் அதன் இருபுறமும் விதிகள் கோருகிற வெளியையும் கொண்டு அளந்து சொல்லிவிடலாம். ராணுவ முகாமின் விஸ்தீரணத்தை விமான நிலையத்தின் கணக்கில் எழுதக் கூடாது. அளந்த பின் தேவைப்படுகிற காணிக்கு, உறுதி வைத்திருப்பவருடன் நேருக்கு நேர் பேசி, நியாயமான நஷ்டஈடோ மாற்றுக் காணியோ கொடுக்க வேண்டும். தேவைப்படாததை, அடுத்த மழைக்கு முன் உழுது விதைக்கும்படியாக, உடையவரிடமே விட்டுவிட வேண்டும். உறுதிப் பத்திரங்களை முகாம் முகாமாகச் சுமந்து பாதுகாத்த முதியோர் பலர் இப்போது இல்லை. அவற்றை வைத்திருக்கும் பிள்ளைகளில் பலர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஊரில் மிஞ்சியிருக்கிறவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது. ஆதலால், விஸ்தரிப்புக்கான வரைபடங்களைத் தயாரிக்கிற அதிகாரிகள், நில அளவைச் சங்கிலியைத் தரையில் விரிப்பதற்கு முன்பாக, அந்த உறுதிகளையும் அவற்றின் எல்லைகளையும் பிரதேச செயலகத்தில் பதிவு செய்துகொள்ளும் காரியத்தை இந்த ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.